எங்கள் கரையில் யாரும் கை காட்டுவதில்லை

மகனே,

உன் கடிதம் வந்த அன்று நான் ராமநாதபுரம் சந்தைக்குக் கருவாட்டுக் கூடையோடு போயிருந்தேன். தபால்காரரிடம் உன் தங்கச்சி செலின்தான் வாங்கியிருக்கிறாள். எனக்கென்று எழுதியதை அவளே பிரித்து, அவளே படித்து, அவளே சிரித்து, உன் அய்யாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறாள். நான் வந்து தலைச்சுமையை இறக்குவதற்குள், "அம்மா, என் கல்யாணத்துக்கு அண்ணன் ஏரோப்ளேன்ல வாரான்!" என்று வாசலுக்கு ஓடி வந்தாள். கல்யாணப் பெண் இப்படிக் குதிக்கலாமா என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து நானும் படித்தேன். உனக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனால் உங்கள் விமானக் கிளப்பைச் சேர்ந்த ஒரு முதலாளியைக் கல்யாணத்தன்று மதுரையில் கொண்டுபோய் விடும் வேலை உனக்கு. திரும்பும்போது கொஞ்சம் சுற்றி நம் ஊர் வழியாக வருவாய். பூசை முடிந்து எல்லாரும் கோயில் முற்றத்தில் நிற்கிற நேரமாகப் பார்த்துத் தலைக்கு மேல் ஒரு வட்டம் போடுவாய். ராணுவக் கேம்ப் பக்கம் பறக்கக் கூடாது என்று தெரியுமாம், ஓரமாக வந்து ஓரமாகப் போய்விடுவாயாம். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். "எல்லாரும் துண்டு, சேலை, எது கையில் இருக்கிறதோ அதைத் தலைக்கு மேல் வீசுங்கள். அதைப் பார்த்து அடையாளம் கண்டு நான் இறங்கி வருகிறேன்." அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. அதற்குக் கீழே நீ போட்டிருந்த கையெழுத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

உன் அய்யா அப்போது காற்றில் கிழிந்த சிவப்புக் கொடியை மடியில் போட்டு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியைக் கொடியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து கடற்கரைக்குப் போனார். கஞ்சி ஆறிப்போன பிறகுதான் திரும்பி வந்தார். "அவன வரவேணாம்னு எழுது" என்றார். "ஏன்னு கேப்பானே, என்னத்த எழுத?" என்றேன். "வரவேணாம்னு எழுதுன்னா எழுது." அவ்வளவுதான். அவரிடமிருந்து ஒரு பேச்சை வாங்குவதென்றால் கரைவலை இழுக்கிற மாதிரி ஊரே வந்து கயிறு பிடிக்க வேண்டும், உனக்குத் தெரியாததா.

ஆனால் வேண்டாம் என்று மட்டும் எழுதினால் நீ கேட்கிற ஆளா? ஐஸ் லாரிக்குள் தலையை விடாதே என்று சொன்னதற்கு, உச்சிப்புளி ரோட்டில் அந்த லாரியின் இன்ஜினையே பிரித்துப் பரப்பி வைத்தவன் நீ. டிரைவர் என்னைத் தேடிக்கொண்டு வந்து கத்தினான். நான் அவனைவிடச் சத்தமாகக் கத்தி அனுப்பிவிட்டு, அப்புறம் உன்னை விளக்குமாற்றால் நாலு வைத்தேன். பட்டணம் போகாதே என்றோம், போனாய். விமானத்தைத் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தவன், அதை ஓட்டவே கற்றுக்கொண்டு லைசென்சும் வாங்கிவிட்டாய். சந்தையில் நான் அதைச் சொல்லாத ஆளில்லை. ஒருத்தி, "மேல போனவன் கீழ வந்துதான ஆகணும்" என்று நாக்கைச் சுழட்டினாள். அவளோடு அரை நாள் சண்டை போட்டேன், அன்றைய வியாபாரம் போனதுதான் மிச்சம். பெருமை எனக்கு இல்லாமல் இல்லையடா. அதனால்தான் உன் அய்யா சொல்லாததையும் ஊர் சொல்லாததையும் நானே எழுத உட்கார்ந்திருக்கிறேன். நிதானமாகப் படி. என் எழுத்துக் கோணலாக இருக்கிறதென்று சிரிக்காதே, மடத்துச் சிஸ்டர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

நீ மெட்ராஸுக்குப் புறப்பட்ட நாள் நினைவிருக்கிறதா? பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கையை ஆட்டிக்கொண்டே போனாய். நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நட்ட கல்லாக நின்றேன். உன் அய்யா கையைப் பின்னால் கட்டியிருந்தார். வழியனுப்ப வந்த ஊர்க்காரர் ஒருத்தர்கூடக் கை தூக்கவில்லை. நீ போன பிறகு எழுதிய முதல் கடிதத்தில், "எழும்பூர் ஸ்டேஷனில் யார் யாரோ அம்மாக்கள் ரயில் மறையும்வரை கை காட்டுகிறார்கள், என்னைப் பெற்றவளுக்கு மட்டும் கை வரவில்லை" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்து நான் அழுதது உனக்குத் தெரியாது. ஏன் நம் ஊரில் யாரும் கை காட்டுவதில்லை என்று சின்ன வயதிலும் கேட்டிருக்கிறாய். அதெல்லாம் நாகரிகம் தெரிந்தவர்கள் செய்வது என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். அது பொய். இந்தக் கரையில் எங்களைப் போல் துணி வீசியவர்கள் கிடையாது.

அந்த நாளில் துணி வீசுவது எங்களுக்கு ஒரு பேச்சு, சின்னதிலேயே ஹாஸ்டலுக்குப் போன உனக்கு நினைவிருக்காது. நம் பக்கம் முரட்டு ஆண்கடல், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்தால் கரையோரம் அலை ஆளுயரத்துக்கு உடையும். மீன் பிடித்துத் திரும்புகிற வள்ளத்துக்கு அது தெரியாது, அவன் அலையின் முதுகைத்தான் பார்ப்பான். கரையில் நிற்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு கத்தினாலும் காதில் விழாது. அதனால் கையில் கிடைத்த துணியைத் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி வீசுவோம். இங்கே கரை ஏறாதே, திரும்பி வேறு துறைக்குப் போ என்பது அதற்குப் பொருள். வள்ளத்தில் இருப்பவன் அதைப் பார்த்ததும் தன் தலைத்துண்டை அவிழ்த்து அதே மாதிரி சுற்றிக் காட்டுவான். விளங்கிவிட்டது, வரவில்லை என்று அவன் சொல்கிறான். அப்புறம்தான் எங்களுக்கு மூச்சு வரும். பேச்சு வராத பிள்ளைகூட இதைச் செய்யும். வீட்டுக்கு வேண்டாத விருந்தாளி வந்தால், அடுப்படியிலிருந்து ஒருத்தி இன்னொருத்திக்குக் கரண்டியைத் தலைக்கு மேல் சுற்றிக் காட்டிச் சிரிக்கிற அளவுக்கு அது எங்களோடு ஊறிப்போயிருந்தது.

வெள்ளைக்காரன் போன பிறகு, ஊருக்கு மேற்கே மணல்காட்டில் ராணுவத்தார் கேம்ப் போட்டார்கள். சண்டைக் காலத்தில் விமானம் இறங்குவதற்கென்று போட்ட பழைய ஓடுதளம் ஒன்று அங்கே புல் முளைத்துக் கிடந்தது. அதையும் சேர்த்து வேலி கட்டினார்கள். கடலில் ஒரு மிதவையைக் கட்டி வைத்துவிட்டு, கரையிலிருந்து பீரங்கியால் அதைக் குறிவைத்துச் சுட்டுப் பழகுவார்கள். சுடுகிற நாளில் வள்ளங்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. அதைக் காட்டுவதற்கு ஊர்க்கடைசியில் ஒரு கம்பம் நட்டு, சிவப்புக் கொடி ஏற்றுகிற வேலையை உன் அய்யாவுக்குக் கொடுத்தார்கள். பீரங்கி வெடித்தால் முதலில் சத்தம் வராது. பானைத் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கும். அதற்கப்புறம் உள்ளங்காலில் ஒரு குத்து. அதற்கும் அப்புறம்தான் சத்தம் வந்து சேரும். கொஞ்ச நாளில் அதுவும் பழகிப்போனது, சோறு வடித்துக்கொண்டே பானையைப் பார்த்து இன்றைக்குச் சுடுகிறார்கள் என்று சொல்லிக்கொள்வோம்.

அது நடந்தபோது நீ ராமநாதபுரத்தில் ஹாஸ்டலில் இருந்தாய். செலின் இடுப்புக் குழந்தை. பங்குனி மாதம், காற்று அடியோடு செத்துக் கிடந்தது. கரையில் மட்டும் வெயில். கடல் மேலே கெட்டியாக வெள்ளை மூட்டம். கொஞ்ச தூரத்துக்குத் தண்ணீர் தெரியும், அது ஆடாமல் அசையாமல் கிடக்கும், அதற்கு மேல் கடலும் இல்லை, வானமும் இல்லை, ஒரே வெள்ளை. உன் அய்யா காலையிலேயே கொடி ஏற்றியிருந்தார். மூட்டத்திலும் சுடுவார்கள், அவர்களுக்குக் கணக்கு இருக்கிறது, கண் வேண்டியதில்லை. வள்ளமெல்லாம் கரையில் கிடந்தது. பெண்கள் நாங்கள் மணலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தோம்.

முதலில் நிழல்தான் வந்தது. காய்கிற மீன் மேல் ஒரு பெரிய நிழல் சரசரவென்று ஓடியது, காக்கைகள் எல்லாம் ஒரேயடியாக எழும்பின. அண்ணாந்தால், பனைமர உயரத்துக்குக் கொஞ்சம் மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விமானம். மேல்மூடி இல்லாதது. முன்னும் பின்னுமாக இரண்டு தலை தெரிந்தது. நம் ஊர் மேல் அப்படி ஒன்று வந்ததே இல்லை. அது நேராக மேற்கே பார்த்துத் திரும்பியது. மேற்கே என்ன இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியும். கொடிக்கம்பத்தடியில் நின்ற உன் அய்யா, "ஏலே, அங்கன போகாதலே! சுடப்போறாங்கலே!" என்று கத்திக்கொண்டே தலைத்துண்டை உருவிச் சுற்ற ஆரம்பித்தார். யாரும் யாருக்கும் சொல்லவில்லை மகனே. அடுத்த நொடி கரை முழுக்கத் துணி. ஆண்கள் துண்டை வீசினார்கள், பெண்கள் முந்தானையை வீசினார்கள். நான் செலினை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறு கையால் மீன்கூடை மூடியிருந்த துணியைச் சுழற்றினேன். "போயிரு ராசா, வராத, போயிரு!" என்று தொண்டை கிழியக் கத்தினோம். வள்ளத்துக்குச் சொல்கிற மாதிரியே சொன்னோம். வேறு எப்படிச் சொல்வதென்று எங்களுக்குத் தெரியாது.

அவர்கள் பார்த்தார்கள். பின்னால் இருந்தவன் கழுத்திலிருந்து ஒரு வெள்ளைத் துணியை அவிழ்த்து, தலைக்கு மேல் தூக்கி, எங்களைப் போலவே சுற்றி வீசினான். என் பக்கத்தில் நின்ற சந்தியாகு மாமா, கடலிலேயே நரைத்த மனுஷன், "அப்பாடி, வெளங்கிக்கிட்டான்" என்று மணலில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் எல்லாருக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கியது. சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். விமானமும் திரும்பியது, கிழக்கே போகத்தான் திரும்புகிறது என்று நினைத்தோம். ஒரு வட்டம் போட்டு, முன்னைவிடத் தாழ்வாக, எங்களைப் பார்த்தே வந்தது. இந்தத் தடவை முகம் தெரிந்தது. இரண்டு பேரும் இளவட்டம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாய் நிறையச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆபத்து விளங்கினவன் அப்படிச் சிரிக்க மாட்டான். நாங்கள் இன்னும் வேகமாக வீசினோம். அதைப் பார்த்து அவர்கள் இன்னும் சந்தோஷமாக வீசினார்கள். பிறகு, ஊரே இப்படி வரவேற்கிறதே என்ற தெம்பில், மேற்கே ஓடுதளம் இருக்கிற பக்கமாகக் கடல் மேல் சுற்றி வளைந்து, வெள்ளைக்குள் போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் சத்தம் மட்டும்தான். மூட்டத்துக்குள் அது சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு சமயம் இடப்பக்கம் கேட்டது, ஒரு சமயம் வலப்பக்கம். ஒரு சமயம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. பிறகு உள்ளங்காலில் குத்து விழுந்தது. கேம்ப்பில் ஆரம்பித்துவிட்டார்கள். உன் அய்யா கரையோடு கரையாகக் கேம்ப் வாசலுக்கு ஓடினார். காவலுக்கு நின்ற சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. இவர் வானத்தைக் காட்டினார், அவன் அண்ணாந்து பார்த்தான், வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை, சிரித்துவிட்டுத் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தானாம். இங்கே நாங்கள் கையில் துணியோடு நின்று கேட்டுக்கொண்டே இருந்தோம். வெடிச்சத்தத்துக்கு நடுவில் அந்த இரைச்சல் வந்தது, போனது, வந்தது. எப்போது நின்றது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. விழுந்த சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. ஒருத்தி, நின்று வெகுநேரம் ஆயிற்று என்றாள். இன்னொருத்தி, இல்லை, இன்னும் எனக்குக் கேட்கிறது என்றாள். அவள் சாகிற வரைக்கும் அதைத்தான் சொன்னாள்.

சாயங்காலம் கொடி இறங்கியதும் எல்லா வள்ளமும் தேடிப் போனது. கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒரு பலகை இல்லை, ஒரு துணி இல்லை. குண்டு பட்டதா, மூட்டத்தில் வானம் எது தண்ணீர் எது என்று தெரியாமல் அவர்களாகவே கடலில் போய் இறங்கினார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேம்ப்பிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கூட வந்த குமாஸ்தா அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார். "அன்னைக்கு எந்த விமானமும் வரல. வந்ததா யாரும் வெளிய பேசக் கூடாது." நாங்கள் தலையாட்டினோம். ஆனால் அந்தப் பக்கம் பிடித்த நெத்திலியை உப்புப் போட்டுக் காயவைத்துச் சந்தைக்குக் கொண்டுபோனேன். வாங்கிப் போனவள் மறு சந்தையில் கொண்டுவந்து என் முன்னால் கொட்டினாள். "ஏத்தா, கருவாடா இது? பெட்ரோலு மணக்குது!" என்றாள். முகர்ந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். அந்தப் பருவம் முழுக்க மேற்குப் பக்கத்து மீனை நம் ஊரில் யாரும் வாயில் வைக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மெட்ராஸிலிருந்து ஒரு அம்மா வந்தார். ரோட்டில் காரை விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து வந்தார். ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், கேம்ப்காரர் சொன்ன பயம். அவர் நேராக நான் மீன் காயப்போடுகிற இடத்துக்கு வந்தார். "என் பையன் சொந்தமா ஒரு சின்ன விமானம் வச்சிருந்தான்மா. சிநேகிதனைக் கூட்டிட்டு ராமேஸ்வரம் பாத்துட்டு வரேன்னு கிளம்பினான். அவன்கிட்ட இருந்தது பழைய மேப். இங்க இறங்குற இடம் இருக்குன்னு அதுல போட்டிருந்துச்சாம். நீங்க யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டார். கேம்ப்பாவது ஒன்றாவது, என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "பாத்தேம்மா" என்றேன். "எப்படி இருந்தான்?" "சிரிச்சாரும்மா. துணிய வீசுனாரு." "யாரைப் பாத்து?" "எங்களத்தான். நாங்களும் வீசுனோம்." அந்த அம்மா, செதில் ஒட்டிய என் கையை அப்படியே பிடித்துக்கொண்டார். "கடைசியா அவன் பாத்தது அவனுக்குக் கை காட்டின மனுஷங்களை. அது போதும்மா எனக்கு. நீங்கல்லாம் நல்லா இருக்கணும்" என்றார்.

நாங்கள் அவனை வராதே என்று சொன்னோம் என்பதை அந்தத் தாயிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. சொல்லாதது தப்பென்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் அதோடு விடவில்லை. "எப்படிக் காட்டினீங்க? எனக்கு ஒரு தடவை காட்டுங்களேன்" என்று கெஞ்சினார். நான் கூடைத் துணியை எடுத்தேன். அன்றும் காற்றில்லை, கடல் மேல் அதே வெள்ளை மூட்டம். தலைக்கு மேல் இரண்டு சுற்றுச் சுற்றினேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சிரித்தார். "கேக்குதா?" என்றார். அன்றைக்குக் கொடி ஏற்றவில்லை, சுடுகிற நாளும் இல்லை. மூட்டத்துக்குள்ளே, வெகு தூரத்தில், இரைச்சல் கேட்டது மகனே. மாதா சத்தியமாகக் கேட்டது. நான் வீச வீச அது கிட்டே வந்தது. பயந்துபோய்த் துணியைக் கீழே போட்டேன். சத்தம் நின்றுவிட்டது. அந்த அம்மா என் தோளைத் தட்டிவிட்டு, வந்த வழியே நடந்து போனார். நான் துணி வீசியது அதுதான் கடைசி.

ஊர் கூடிப் பேசி எந்த முடிவும் எடுக்கவில்லை. தானாகவே நின்றுபோனது. அலை உடைகிற நாளில் வள்ளத்துக்குச் சொல்லக் கோயில் மணியை அடிக்க ஆரம்பித்தோம். பஸ்ஸுக்குக் கை காட்டுவது நின்றது, பிள்ளைகள் ரயிலுக்குக் கை காட்டினால் அடி விழுந்தது. பெரியவர்கள் யாரும் காரணம் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. உன் அய்யாவைக் கொடி வேலையை விட்டுவிடச் சொல்லிப் பார்த்தேன். "இன்னொருத்தன் வந்தா, யாரு நிப்பா?" என்றார். நின்று என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. இப்போதும் காற்றில்லாத நாளில், சுடாத நாளில், பானைத் தண்ணீர் நடுங்குகிறது. கேம்ப்பில் கேட்டால் இன்றைக்கு ஒன்றுமில்லையே என்கிறார்கள். நான் பானையை மூடி வைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

ஓரமாக வந்து ஓரமாகப் போகிறேன் என்கிறாய். மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு எதடா ஓரம்? வேலி தெரியுமா, காவல்காரன் தெரிவானா? உன் அய்யா தைத்துத் தைத்து ஏற்றுகிற கொடி உனக்கு ஒரு குங்குமப் பொட்டு அளவுக்குக்கூடத் தெரியாது. இந்தக் கரையில் இருக்கிற எச்சரிக்கை எல்லாம் தரையில் வருகிறவனுக்கும் கடலில் வருகிறவனுக்கும் வைத்தது. வானத்தில் வருகிறவனுக்கு இங்கே ஒன்றுமில்லை. அதெல்லாம் உங்கள் ஆபீஸில் இருக்கிற புதிய மேப்பில்தான் இருக்கும், அதை எடுத்துப் பார். தெரிந்தே ஓரத்தைத் தொட்டுவிட்டு வரலாம் என்று நினைக்காதே. அந்த இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை, முட்டாள்களும் இல்லை. தவறி வருகிறவனுக்குத் தான் தவறி வந்திருப்பது தெரியாது, அதுதான் அதில் இருக்கிற பயங்கரம். உன் அய்யா வராதே என்று ஒரே சொல்லில் சொன்னார். நான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். எனக்கு உன்னைத் தவிர வேறு ஆண்பிள்ளை இல்லை. நீ உயிரோடு இருக்க வேண்டும், கல்யாணத்துக்கு வராவிட்டாலும் பரவாயில்லை.

செலினிடம் சொல்லிவிட்டேன். அழுதாள், பிறகு, "அண்ணன் அப்புறம் ரயில்லயே வரட்டும், நான் மாப்பிள்ளை வீட்டுல இருந்து வந்து பாத்துக்கிறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது, இனித் தேதியை மாற்ற முடியாது. மாப்பிள்ளை வீட்டார் ராமேஸ்வரம் தீவுக்காரர்கள், அவர்களுக்கு நம் ஊர்ப் பழக்கம் தெரியாது. நீ பிடிவாதக்காரன், இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் ஏதாவது செய்துவிடுவாயோ என்ற பயத்தில் நான் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறேன். புதிதாக வந்திருக்கிற பங்குச் சாமியாரிடமும், பூசை முடிந்ததும் யாரும் துணி வீசக் கூடாது என்று அறிவிக்கச் சொன்னேன். "ஏம்மா?" என்றார். "காத்து சரியில்ல சாமி" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

ரயிலில் வா, மகனே. கல்யாணம் முடிந்து என்றைக்கு லீவு கிடைக்கிறதோ அன்றைக்கு வா. உனக்கென்று பலகாரம் எடுத்து வைத்திருக்கிறேன். நீ இறங்குகிற ஸ்டேஷனில் வந்து நிற்பேன். மறுபடி நீ கிளம்பும்போது, முதல் கடிதத்தில் நீ எழுதிய அந்தக் கோபத்துக்காக, என் வாழ்நாளில் இன்னும் ஒரே ஒரு தடவை கை காட்டவும் முயற்சி செய்கிறேன். ஆனால் சொல்லையும் மீறி நீ மேலே வந்தால், இதை மனதில் வைத்துக்கொள். சத்தம் கேட்டதும் நாங்கள் எல்லாரும் மணலில் உட்கார்ந்துவிடுவோம். கையை மடியில் கட்டிக்கொண்டு, அண்ணாந்து, சும்மா பார்ப்போம். கல்யாண வீட்டுக்காரர்கள் இப்படிப் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்த மாதிரி இருக்கிறார்களே என்று உனக்குத் தோன்றும். பாசமில்லை என்று நினைக்காதே. எங்களிடம் இருக்கிற பாசமெல்லாம் அதுதான். நீ இறங்கிப் பார்க்க எதுவும் இல்லாமல் செய்து, உன்னைத் திருப்பி அனுப்புவோம்.

இவ்வளவும் எழுதுகிறவரை வெளியே சத்தமில்லாமல் இருந்தது. இன்றைக்குக் கொடி இல்லை, அது உன் அய்யாவின் மடியில்தான் இருந்தது. கொஞ்சம் முன்னால் அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். எட்டிப் பார்த்தேன். கடல் மேல் வெள்ளை மூட்டம் கட்டியிருக்கிறது. அவர் கரையில் கையைப் பின்னால் இறுகக் கட்டிக்கொண்டு அண்ணாந்து நிற்கிறார். எனக்கும் இப்போது அந்த இரைச்சல் கேட்கிறது. மெட்ராஸில், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, கிரீஸ் கையோடு ஏதோ ஒரு இன்ஜினுக்குப் பக்கத்தில் நீ நின்றுகொண்டிருப்பாய். அது நீ இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் போய் அவர் பக்கத்தில் நிற்கிறேன், கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு.

உன் அம்மா